மாஸ்டருக்கு ஒரு வைவா!

செமஸ்டர் லீவு முடிஞ்சு காலேஜ் திறந்தா போதும், ஜிம் வாசல்ல கூட்டம் அலைமோதும். 'மூணே மாசத்துல சிக்ஸ் பேக்'னு போர்டு கண்ணடிக்கும். உள்ளே போனா, ஆர்ம்ஸ் தெரிய நிற்கிற அண்ணன் ஒருத்தர், "ஜிம் ஃபீஸ் தனி, பர்சனல் ட்ரெய்னிங் தனி தம்பி!"னு ரசீது புக்கைத் திறப்பார்.

ஒரு நிமிஷம் பாஸ்! வக்கீலுக்கு பார் கவுன்சில், டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் இருக்கிற மாதிரி, ஜிம் மாஸ்டருக்குக் கட்டாயப் பதிவு எதுவும் நம்ம நாட்டுல கிடையாது. அதனால, வீட்டுல அனுப்புற காசை நீட்டறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு வைவா வெச்சிடுங்க. நமக்கு மட்டும்தான் வைவாவா என்ன?

கேள்வி 1: எங்கே படிச்சீங்க மாஸ்டர்?

பைசெப்ஸ் சைஸ் சர்டிஃபிகேட் ஆகாது. சென்னை நந்தனத்துல இருக்கிற, 1920-ல தொடங்கின ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம்னு முறையாப் படிக்க இடங்கள் இருக்கு. ஏ.சி.இ., ஏ.சி.எஸ்.எம். மாதிரி வெளிநாட்டுச் சான்றிதழ் வெச்சிருந்தா, அது இன்னும் செல்லுபடியாகுதானு நெட்டுலயே செக் பண்ணலாம். முதலுதவி, சி.பி.ஆர். தெரியுமானும் கேளுங்க.

கேள்வி 2: என்னைப் பத்தி என்ன தெரியும்?

இதுல ட்விஸ்ட்... கேள்வி கேட்க வேண்டியது அவர்தான்! பழைய அடி, ஆஸ்துமா, முதுகு வலி, நெஞ்சு படபடப்பு, சாப்பிடுற மாத்திரை, தூக்கம்னு எதையுமே விசாரிக்காம நேரா டம்பெல்லைக் கையில கொடுத்தா மார்க் ஜீரோ.

கேள்வி 3: முதல் வாரம் என்ன செய்யப் போறோம்?

"முதல் நாளே பிழிஞ்சு எடுத்துடுவேன்"னு பெருமை பேசுறவர்கிட்ட உஷாரா இருங்க. பழக்கமே இல்லாத உடம்புல ஒரேயடியா நூத்துக்கணக்குல பஸ்கி எடுத்தா, தசை சிதைஞ்சு சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கலாம். தாங்க முடியாத வலியோட சிறுநீர் கோலா கலர்ல போனா, ஜிம்முக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடணும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன கணக்கே, வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, 2 நாள் தசைப் பயிற்சி... அவ்வளவுதான்!

கேள்வி 4: எக்ஸாம் வந்தா கட்டின காசு என்னாகும்?

ஸ்டடி ஹாலிடேஸ்ல ஊருக்குப் போவோம், ஐ.வி. போவோம். விட்ட நாளை அப்புறம் சேர்த்துத் தருவாங்களா? மாஸ்டரே வேலையை விட்டுப் போனா? பதிலை ரசீதுல எழுதி வாங்குங்க. வருஷ பேக்கேஜ் ஆஃபருக்கு மயங்காம மாசாமாசம் கட்டுங்க. ரெண்டு மூணு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒரே மாஸ்டரைப் பேசினா செலவும் பிரியும். ரெண்டு மாசம் ஒழுங்கா ஃபார்ம் கத்துக்கிட்டா, அப்புறம் தனியாவே தூள் கிளப்பலாம்.

தோழிகளே, உங்களுக்கு ரெண்டு கூடுதல் கேள்வி. லேடி ட்ரெய்னர் இருக்காங்களா? 'பிஃபோர் - ஆஃப்டர்' போட்டோவை உங்க அனுமதி இல்லாம விளம்பரத்துல போட மாட்டாங்களே? தொட்டுத் திருத்தறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்கத் தெரியாதவருக்கு நோ சொல்லத் தயங்காதீங்க.

கேள்வி 5: என்ன சாப்பிடணும்?

முக்கியமான கேள்வி இதுதான். 60 கிலோ எடையுள்ள சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 50 கிராம் புரதம். தசைப் பயிற்சி செஞ்சா இன்னும் கூடுதலா வேணும். முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், மீன்ல இருந்தே பெரும்பகுதியை எடுத்துடலாம். "இந்த டப்பாவை என்கிட்டதான் வாங்கணும்"னு அடம்பிடிச்சா, அவர் மாஸ்டர் இல்லை, சேல்ஸ்மேன்! வாங்கியே ஆகணும்னா டப்பாவுல 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் நம்பர் இருக்கானு பாருங்க.

"ஒரே ஒரு ஊசி தம்பி, சீக்கிரம் ஏறும்"னு காதுல கிசுகிசுத்தாரா? அது ஸ்டீராய்டா இருக்கலாம். உடம்பு தானா சுரக்கிற டெஸ்டோஸ்டீரோனை அது நிறுத்திடும். முகமெல்லாம் பரு, ஆண்களுக்கு மார்பு வீக்கம், விரை சுருங்கறது, கல்லீரல், இதயம்னு பட்டியல் நீளும். கட்டின காசு போனாலும் பரவாயில்லைனு அன்னிக்கே வெளியே வந்துடுங்க.

முதல் நாலு கேள்வியில ஒண்ணு ரெண்டு சொதப்பினா அரியர் வெச்சுக்கலாம். அஞ்சாவதுல ஃபெயில்னா டோட்டல் ஃபெயில். ரீவேல்யூவேஷன் கிடையாது மாஸ்டர்!