நீர்ப்பம்பி நில்லாது ஓடுதல்

மாத்தளை மாவட்டத்து யட்டவத்தப் பகுதியைப் போன்ற மேட்டுநிலங்களில் வயலும் கிணறும் பள்ளத்திலும், வீடு சரிவின் மேலும் அமைந்திருத்தல் வழக்கம். இத்தகைய வீடுகளில் மின்சாரத்தால் இயங்கும் சிறு நீர்ப்பம்பியே சமையலறைக்கும், நாற்றுமேடைக்கும், போஞ்சி, கறிமிளகாய்ப் பாத்திகளுக்கும் நீர் கொடுக்கின்றது. குழாய்களையெல்லாம் பூட்டிய பின்னரும் பம்பி நில்லாது ஓடுமாயின் மோட்டர் எரிந்துபோதல் கூடும். எங்கேனும் ஒழுக்கிருப்பின் கோடையில் கிணற்றில் எஞ்சிய நீரும் வீணாகும்.

பம்பியை நிறுத்துவது அதனருகே பொருத்தப்பட்ட அமுக்க ஆளியாகும். குழாயில் நீரின் அமுக்கம் குறைந்தவுடன் இது மின்சாரத்தை இணைக்கும். குறித்த அளவுக்கு ஏறியவுடன் துண்டிக்கும். சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தலில் ஓடத் தொடங்கி 40 இறாத்தலில் நிற்குமாறு அமைத்தல் பொது வழக்கு. எனவே, 40 இறாத்தல் வந்தும் ஆளி துண்டிக்கவில்லையா, அன்றி அவ்வளவு அமுக்கம் வரவேயில்லையா என்பதே முதலில் அறிய வேண்டியது. இதனை அறியாது ஆளியைக் குறைகூறிப் புதியதொன்றை வாங்குவோர் பலர்.

பம்பிக்கும் அமுக்கத் தாங்கிக்கும் அப்பால், வீட்டுக்குச் செல்லும் குழாயிலுள்ள வால்வைப் பூட்டி அமுக்கமானியின் முள்ளைக் கவனிக்க. பம்பி சற்று நேரத்தில் நின்றுவிடின் வழுப் பம்பியில் இல்லை. மலசலகூடத் தொட்டியிலோ மண்ணுட் புதைந்த தோட்டக் குழாயிலோ நீர் போய்க்கொண்டிருக்கின்றது. (இறப்பர்க் குழாயைத் திறந்து பாத்திக்கு நீர் விடும்போது பம்பி நில்லாதிருத்தல் குற்றமன்று.) முள் 40ஐத் தாண்டியும் ஓட்டம் தொடருமாயின், ஆளியின் தொடுகைகள் தீப்பொறியால் ஒட்டியிருக்கும்; அல்லது அதற்குச் செல்லும் நுண்குழாய் சேற்றாலும் துருவாலும் அடைபட்டிருக்கும். முள் 40க்குக் கீழே ஓரிடத்தில் அசையாது நின்றால், பம்பியால் அதற்குமேல் இயலவில்லை என்பது பொருள். இச்சோதனையை இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நீடித்தலாகாது. வெளியேற வழியின்றிச் சுழலும் நீர் சூடேறிப் பம்பியைக் கெடுக்கும்.

கடைசியிற் கூறிய நிலை கோடையில் மிகுதியாகக் காணப்படுவது. மழைக்காலத்தில் ஒழுங்காக நின்ற பம்பி, எவரும் தொடாதிருக்க, மாசி பங்குனியில் நில்லாது ஓடத் தொடங்கும். பம்பி ஏற்றவல்ல மொத்த உயரம் அதன் தகட்டிற் பொறிக்கப்பட்டிருக்கும். அது 32 மீற்றர் எனக் கொள்வோம். கிணற்று நீர் பம்பிக்கு 3 மீற்றர் கீழே இருக்கையில் எஞ்சுவது 29 மீற்றர். ஒரு மீற்றர் உயர நீரின் அமுக்கம் ஏறத்தாழ 1.42 இறாத்தல் ஆதலின், 41 இறாத்தல் வரை ஏறிப் பம்பி நின்றுவிடும். நீர் 6 மீற்றருக்குத் தாழ்ந்தபின் எஞ்சுவது 26 மீற்றர். அமுக்கமோ 37 இறாத்தல்தான். ஆளி 40ஐ எதிர்பார்த்தே இருக்கும்.

நீர் மேலும் தாழ்ந்தால் உறிஞ்சுதலே இயலாது. காற்றின் பாரம் ஏறத்தாழ 10 மீற்றருக்கு மேல் நீரைத் தாங்காது என்பது 1643ஆம் ஆண்டளவில் இத்தாலிய அறிஞர் தொரிசெல்லியின் ஆராய்ச்சியால் விளங்கியது. நடைமுறையில் 7 மீற்றரே எல்லை. மலைநாட்டில் உயரத்துக்கேற்ப அதுவும் குறையும். உறிஞ்சு குழாயின் மூட்டுகளிற் காற்றுப் புகுந்தாலும், அடிவால்வின் வலை அடைபட்டாலும் முள் ஏறாது. குழாயில் நீருடன் குமிழி வருதல் காற்றுப் புகுவதற்கு அறிகுறி.

மேட்டு வீட்டுக் குழாயில் நீர் மெலிதாக வருகின்றதென்று ஆளியின் திருகாணியை மேன்மேலும் இறுக்குதல் பெருந்தவறு. பம்பியின் வலு அதனாற் கூடாது. எட்டவியலாத அளவொன்றை அதற்கு வைத்ததாகவே முடியும். கோடையில் செய்யத்தக்கது இதற்கு மாறானது. பெரிய சுருள்வில்லின் திருகாணியைத் தளர்த்தி நிறுத்தும் அளவை 32 இறாத்தலுக்கு இறக்கினால், தொடங்கும் அளவும் 12 ஆக இறங்கும். அப்பொழுது தாங்கியின் நீரை வெளியேற்றி, அதன் காற்றமுக்கத்தை 10 இறாத்தலாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். கிணற்றுக்குள் மேடை கட்டிப் பம்பியை நீருக்கு அண்மையில் இறக்கி வைத்தல் இதனினும் நன்று. ஆனால் மழை தொடங்குமுன் அதனை மேலேற்ற மறத்தலாகாது.

ஆளியின் மூடியைத் திறக்குமுன் வீட்டின் பிரதான ஆளியை நிறுத்துக. ஈரக் கையுடனோ வெறுங்காலுடனோ அணுகற்க. மோட்டருடன் இணைந்த கொள்ளளவி, மின் துண்டித்த பின்னரும் சிறிது நேரம் மின்னைத் தாங்கியிருக்கும். ஒட்டிய தொடுகைகளை அரத்தால் தேய்த்து மீண்டும் பயன்படுத்தாது, மின்வேலை அறிந்தவரைக் கொண்டு ஆளியை மாற்றுவிக்க.