நாலே நாளில் ஓர் ஆண்டு

நம் வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. பெகாசஸ் மண்டலத்தில் 51 பெகாசி என்றொரு விண்மீன் உண்டு; இங்கிருந்து சுமார் 50 ஒளியாண்டுத் தொலைவு. அதைச் சுற்றும் கோளுக்கு நிறை ஏறக்குறைய வியாழனில் பாதி. ஆனால் ஒரு சுற்றுக்கு அது எடுத்துக்கொள்வது 4.23 நாள்தான். தன் சூரியனிலிருந்து 80 லட்சம் கிலோமீட்டருக்கும் உள்ளாகவே ஓடுகிறது. நம் புதன்கூட சராசரியாக ஐந்தே முக்கால் கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. அந்தக் கோளின் வெப்பம் சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த வகைக் கோள்களுக்குச் 'சூடான வியாழன்கள்' என்று பெயர். விண்மீனின் கண்கூசும் ஒளியில் கோளை நேராகப் பார்க்க முடியாது. ஆனால் கோள் சுற்றும்போது விண்மீனும் சும்மா இருப்பதில்லை. குழந்தையின் கைகளைப் பிடித்துச் சுழற்றும் அப்பாவைப்போல அதுவும் இருந்த இடத்தில் சிறு வட்டம் போடுகிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலத்தின் பக்கமும், விலகும்போது சிவப்பின் பக்கமும் நகரும். வியாழன் நம் சூரியனை அசைக்கும் வேகம் விநாடிக்கு 12 மீட்டர் சொச்சம். 51 பெகாசியின் ஆட்டமோ விநாடிக்குச் சுமார் 59 மீட்டர். பெரிதாகத் தோன்றலாம், ஆனால் அதனால் ஒளியின் அலைநீளம் மாறுவது ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு.

அதைத்தான் தெற்கு பிரான்சில் ஓத்-ப்ரோவான்ஸ் ஆய்வகத்தின் எலோடி நிறமாலைமானி பிடித்தது. ஜெனீவாவின் வானியலாளர் மிஷேல் மயோரும், அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த திதியே கெலோவும் 142 விண்மீன்களைக் கண்காணித்தார்கள். மயோர் ஹவாயில் இருந்த சமயம், கெலோவின் கணக்கில் 51 பெகாசி மட்டும் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு வேகம் காட்டியது. கருவியில்தான் கோளாறு என்று முதலில் அவருக்குச் சந்தேகம். பிறகு அந்த விண்மீன் சூரியனின் பக்கம் போய் மறைந்துவிட்டது. 1995 ஜூலையில் மீண்டும் தெரிந்தபோது, முன்கூட்டியே போட்டுவைத்த கணக்கின்படியே வேகம் மாறியது. அக்டோபரில் ஃபிளாரன்சில் அறிவித்தார்கள்; சில நாட்களுக்குள் கலிஃபோர்னியாவில் வானியலாளர்கள் மார்சியும் பட்லரும் சரிபார்த்துவிட்டார்கள். 2019இல் மயோருக்கும் கெலோவுக்கும் நோபல் பரிசு.

கனடாவின் வானியலாளர் கார்டன் வாக்கர் குழுவினரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. இதே முறையில் சுமார் 12 ஆண்டுகள் 21 விண்மீன்களைக் கவனித்து, ஒன்றும் சிக்கவில்லை என்று அதே 1995இல் எழுதினார்கள். மெதுவாகச் சுற்றும் கோள்களையே எதிர்பார்த்ததால் கோட்டைவிட்டார்கள் என்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது. சூரியனைப் போன்ற நூறு விண்மீன்களைப் பார்த்தால் சூடான வியாழன் ஒன்று தேறுவதே அரிது. இருபத்தொன்றில் அகப்படாமல் போனதற்கு யாரைக் குறை சொல்வது? சொல்லப்போனால், பெரிய கோள்கள் விண்மீனை ஒட்டி இருக்கக்கூடும், அவற்றை இப்படித் தேடலாம் என்று வானியலாளர் ஓட்டோ ஸ்ட்ரூவ் 1952லேயே எழுதியிருந்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் விண்மீனை ஒட்டிய அவ்வளவு வெப்பத்தில், பெரிய கோள் உருவாக உதவும் பனிக்கட்டி தங்காது. வாயுவும் போதிய அளவு கிடைக்காது. எனவே இந்தக் கோள்களில் பெரும்பாலானவை தொலைவில் பிறந்து உள்ளே நகர்ந்திருக்க வேண்டும் என்பதே பரவலான கருத்து. பிறந்த காலத்தில் விண்மீனைச் சூழ்ந்திருந்த வாயு, தூசு வட்டு இழுத்துவந்ததா, மற்றக் கோள்கள் தள்ளிவிட்டனவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஸ்ட்ரூவ் இன்னொரு வழியும் சொல்லியிருந்தார்: கோள் விண்மீனின் குறுக்கே போனால் ஒளி மங்கும். 1999இல் அதுவும் பலித்தது. பெகாசசிலேயே உள்ள எச்.டி. 209458 என்ற விண்மீன் மூன்றரை நாளுக்கு ஒருமுறை சுமார் மூன்று மணி நேரம் ஒன்றரை சதவீத அளவு மங்குவதை டேவிட் சார்போன்னோ குழுவினர் அளந்தார்கள். அதற்குப் பயன்பட்டது வெறும் 10 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி! இன்று இந்த மங்கலை அமெச்சூர் வானியலாளர்களே அளக்கிறார்கள். சிறு தொலைநோக்கியும் கேமராவும் வைத்திருக்கும் கல்லூரி வானியல் மன்றங்கள், பெகாசஸ் உச்சிக்கு ஏறும் அக்டோபர், நவம்பர் இரவுகளில் மழை விட்டால் முயன்று பார்க்கலாம்.