நாவில் படியும் வெண்மை

பால் குடித்த குழந்தையின் நாவிலே படியும் வெண்மை ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அவ்வாறு எளிதில் போகாமல், அழுத்தித் துடைத்தாலோ அடியில் சிவந்த புண்ணைக் காட்டி, சில சமயம் ரத்தமும் கசிய, தயிர்க் கட்டிகளைப்போல் கன்னத்தின் உட்புறமெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்குமானால், அது கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையின் வேலையோ என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆரோக்கியமானவர்கள் பலருடைய வாயிலும் இப்பூஞ்சை சாதுவாகவே வாசம் செய்கிறது. எச்.ஐ.வி. கிருமியாலோ, ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கடுமையான ஔஷதங்களாலோ சரீரத்தின் எதிர்ப்புச் சக்தி குன்றிவிட்டால், வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்ததை அறிந்த குடித்தனக்காரரைப்போல அது தன் சுபாவத்தை மாற்றிக்கொள்கிறது. அதன் பிறகு விழுங்குவதே வேதனையாகி, குழந்தை சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பல்லும் தப்புவதில்லை. சர்க்கரையை அமிலமாக்கும் பாக்டீரியாக்கள் எனாமலை அரிக்க, அந்த அமிலத்தைக் கழுவ வேண்டிய உமிழ்நீரோ மருந்துகளின் விளைவால் வற்றிப்போகிறது. போதாக்குறைக்குப் பூஞ்சையும் அவற்றோடு கூட்டுச் சேர்கிறது.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண்மணிகள் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்து, 1950-இல் உலகுக்கு அறிவித்து, தாங்கள் பணியாற்றிய நியூயார்க் மாநிலத்தின் பெயரையே சூட்டிய நிஸ்டாடின், இப்பூஞ்சைக்கு இன்றும் கைகண்ட மருந்து. ஆனால் குழந்தை துப்பிவிடாதிருக்க அதன் திரவத்தில் பெரும்பாலும் சர்க்கரை சேர்க்கிறார்கள்! நோயை விரட்டும் கரண்டியே சொத்தைக்கும் தீனி போடுகிறது. ஆகவே, நெடுநாள் மருந்துண்ணும் குழந்தைகளின் பெற்றோரே, சர்க்கரையில்லாத வகை கிடைக்குமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். குழந்தையைப் பல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.