பண்ணை வீட்டில் 2 நாள் தங்கப் போறீங்களா? புக் செய்யும் முன் இதைக் கேளுங்க!

மதுரையிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் அருப்புக்கோட்டை. அங்கிருந்து திருச்சுழி பக்கம் போனால் கரிசல் காடு, சீமைக்கருவேலம். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் திருச்சுழி என்பதால் வெளிநாட்டிலிருந்தும் அன்பர்கள் வருகிறார்கள்.

இந்தப் பக்கம் குடும்பத்தோடு பண்ணை வீடு எடுத்துத் தங்க நினைத்தால், 'திருட்டுப் பயம் உண்டா?' என்றுதான் முதலில் கேட்போம். வானம் பார்த்த பூமியில் அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று.

கிணறு: பாசனக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்காது. கிணற்றின் போட்டோவைக் கேட்டு வாங்குங்கள். சுவரோ கம்பிவலையோ இல்லையென்றால், சிறு பிள்ளைகளோடு அங்கே தங்க வேண்டாம்.

பாம்பு: கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த வலியே தெரியாமல் போகலாம். கட்டில், கொசுவலை இருக்கிறதா என்று கேளுங்கள். இருட்டில் டார்ச், செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள்.

ஆஸ்பத்திரி: அரசு மருத்துவமனை எத்தனை நிமிட தூரம்? போனில் சிக்னல் கிடைக்குமா? இரவில் வண்டி உண்டா? பாம்பு கடித்தால் கீறுவதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கை, காலை அசைக்காமல் வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை.

வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வருபவர் தங்கினால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். அதைக் கேட்டதும் மழுப்புகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கிணற்று போட்டோவைக் கேட்காமலே அனுப்புகிறவர் வீடு என்றால், தைரியமாகக் கிளம்பலாம்!