அடுக்களை ஆய்வுகூடம்

பௌதிகமும் ரசாயனமும் முறையாகப் பயிலும் நண்பர்கள் இக்கட்டுரையைக் கண்டு நகைப்பாராக. யான் தமிழ் பயில்பவன். எனினும், சென்ற டிசம்பர்த் திங்களில் மயிலைச் சாந்தோமிலுள்ள எம் இல்லத்து அடுக்களையில் நிகழ்த்திய கேக்குப் பரிசோதனையை வெளியிடாது விடின், அறிவுலகம் பெருநட்டம் எய்தும் என அஞ்சி எழுதத் துணிந்தேன்.

பரிசோதனைக்குக் காரணம் ஒன்றுண்டு. எம் பாட்டியாருக்கு வலக்கை நடுங்கத் தொடங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் கேக்கின் அளவெல்லாம் அக்கையில்தான் இருந்தன; ஏட்டில் ஒரு வரியும் இல்லை. மைதா எவ்வளவு என்றால், 'ஒரு கை' என்பார். சோடாவோ 'ஒரு சிட்டிகை'. ஆதலின் அவர் அள்ள, யான் தராசிலிட்டு நிறுத்தேன். மூன்று நாள் அள்ளிய 'ஒரு கை' மூன்று வேறு நிறை காட்டிற்று. கருவியின் பிழையோ என ஐயுற்றபோது, "கடல்காற்றில் ஈரம் ஏறின மாவு கனக்கும், கண்ணு, அதற்குத் தக்கபடி அள்ளவேண்டாமா?" என்றார். மாவு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பது நூலோர்க்கும் உடன்பாடே.

நிற்க. கோதுமை மாவில் கிளையாடின், குளுட்டெனின் என இருவகைப் புரதங்கள் உள. நீர் சேரின் அவை புணர்ந்து பசையமாகும். விகாரப் புணர்ச்சிக்கு நன்னூலார் கூறிய தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் ஈண்டு நேரிற் கண்டேன். தயிரின் புளிப்பும் ஆப்பச்சோடாவும் கூடியவழிக் கரியமிலவாயு பிறப்பது தோன்றல். முட்டைப் புரதம் சூட்டால் இறுகி அவ்வாயுக் குமிழிகளுக்குச் சுவராவது திரிதல். கெடுதலைப் பின்னர்க் கூறுவேன்.

எமது உலை, கேஸ்கட்டும் வெயிட்டும் நீக்கிய பழைய குக்கர். அடியில் இருவிரற் கனம் மணல். நீரூற்றினால் ஆகாதோ எனின், ஆகாது. திறந்த ஆவி 100 பாகையளவில் நிற்கும். இட்டிலி வெளுத்தே இருப்பது அதனால். தோசைபோற் சிவக்க ஏறத்தாழ 140 பாகை வேண்டும். புரதக்கூறுகளும் சர்க்கரையும் கூடிச் சிவந்து மணக்கும் இவ்வினையை 1912-இல் மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர் எடுத்துரைத்தார். எம் தோசைக்கல் அதனை முன்னரே அறியும்.

பதினைந்தாம் நிமிஷத்தில், அறிவு வேட்கை மீதூர, மூடியைத் திறந்தேன். சுவர் இறுகுமுன் குளிர்காற்றுப் புகுந்தது, வாயு சுருங்கிற்று, கேக்கு நடுக்குழிந்து, கோடையில் வற்றிய தெப்பக்குளம்போற் காட்சியளித்தது. இதுவே கெடுதல். நான்கு முட்டையும் கால் கிலோ வெண்ணெயும் அதனோடு கெட்டன. அன்னையார் அன்று என்னோடு பேசிலர்.

மறுமுறை பாட்டியாரே அடுப்பருகில் முக்காலியிட்டு அமர்ந்தார். கடிகாரத்தை அவர் நோக்கவில்லை. "மணம் வந்தபிறகு பத்து நிமிஷம்" என்றார். மயாரின் வினையை மூக்கால் அளந்தார் போலும். பின்னர்த் தென்னை ஈர்க்கொன்றைக் குத்தி எடுத்தார். மாவு ஒட்டாது வந்தது.

அன்றிரவு அளவுகளையெல்லாம் குறிப்பேட்டில் வரைந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்மூடிக் கேட்டிருந்தவர், "உப்பு எங்கே?" என்றார். அவர் அதனை எப்பொழுது இட்டார் என்பதை யான் கண்டிலேன்.