ரோப் கார் வருது... ரொக்கம் ரெடியா?

"தம்பி, என்ன பந்தயம் வேணா கட்டுங்க. அடுத்த தீம் பார்க் கொடைக்கானல்லதான்!"

காமக்காபட்டி செக்போஸ்ட்டில் இ-பாஸைக் காட்டிவிட்டு, வாடகைக் கார் மலை ஏற ஆரம்பித்த நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர்தான் இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அவர் மடியில் ஒரு ரெக்ஸின் பை. பைக்குள் நாலரை லட்சம் ரூபாய். முழு ரொக்கம்!

நண்பரை அறிமுகப்படுத்தி விடுகிறேன். பழைய ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை. என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் 'அண்ணே'. மற்றவர்களுக்கு 'ராட்டினம்'. ஆபீஸில் சிலருக்கு கிரிக்கெட் பைத்தியம், சிலருக்கு சினிமா பைத்தியம் இருக்குமில்லையா? இவருக்கு தீம் பார்க் பைத்தியம். எந்தக் கம்பெனி எங்கே நிலம் வாங்குகிறது, யார் யாருக்குப் போட்டி, அடுத்த ரைடு என்ன என்று டீ டைமில் ஆரம்பித்தால் லஞ்ச் வரை ஓடும். கேட்க ஆள் இல்லாவிட்டால் கால்குலேட்டரிடம் பேசுவார்.

சிலை மனிதர் முதல் தஞ்சோரா வரை

இதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். நம்ம ஊரிலேயே இதற்குப் பெரிய சரித்திரம் உண்டு.

தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்றுப் பெயர் வாங்கிய வி.ஜி.பன்னீர்தாஸ், சென்னை ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் கோல்டன் பீச்சை ஆரம்பித்தார். அங்கே ராட்டினத்தைவிடப் பெரிய கவர்ச்சி, அசையாமல் நிற்கும் சிலை மனிதர். என்ன சேட்டை செய்தாலும் சிரிக்க மாட்டார். (இன்கிரிமென்ட் கேட்டால் எங்கள் பழைய மேனேஜரும் அப்படித்தான் நிற்பார்!)

1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. கொண்டு வந்தவர் நவோதயா அப்பச்சன். 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' மூலம் இந்தியாவுக்கு முதல் 3டி படத்தைக் காட்டியவர். சினிமாக்காரர் ராட்டினக்காரராக மாறுவது புதுசு இல்லை. 1955-ல் வால்ட் டிஸ்னி செய்ததும் அதுதானே?

அடுத்து முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்ட். அமெரிக்காவில் 1989-ல் டிஸ்னி கம்பெனி, ஹாலிவுட்டின் சிங்க மார்க் எம்.ஜி.எம். பெயரோடு ஒரு சினிமா பார்க் திறக்க, அடுத்த வருஷமே அதே ஊரில் யுனிவர்சல் எதிர்க்கடை போட்டது. அந்தச் சிங்கத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் சம்பந்தம் என்று யாராவது சொன்னால் ராட்டினம் அண்ணனுக்குக் கோபம் வந்துவிடும். "யோவ், இது எம்.ஜி.முத்து!"

அவருடைய ஹீரோ மட்டும் கேரளாக்காரர். வி-கார்டு ஸ்டெபிலைசர் விற்ற கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி, 2000-ல் கொச்சியில் வீகாலாண்ட் திறந்தார். 2005-ல் பெங்களூரில் வொண்டர்லா, 2016-ல் ஐதராபாத், 2024-ல் புவனேஸ்வர். சென்னை பார்க் மட்டும் கேளிக்கை வரிப் பிரச்னையில் வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்துவிட்டார்கள். அங்கே 'தஞ்சோரா' என்று ஒரு கோஸ்டர். சுவிட்சர்லாந்து கம்பெனி தயாரிப்பு. காலைத் தொங்கவிட்டுத் தலைகீழாகச் சுழற்றும். அண்ணன் முதல் மாசமே போய் மூன்று தடவை ஏறிவிட்டு வந்து, தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி இரண்டு நாள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

2014-ல் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து அண்ணனுக்கு இன்னொரு வேலை. ஆண்டறிக்கையை எடுத்து வரி வரியாகப் படிப்பார், அடுத்த ஊர் எது என்று துப்புத் துலக்க. பி.காம். படித்த நான்கூட பேலன்ஸ் ஷீட்டை அவ்வளவு பக்தியோடு படித்ததில்லை.

பெயர் சொல்லாத கம்பெனி

இந்த ஆசையை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார் ஒரு நிலத் தரகர்.

"சார், பழனி-கொடைக்கானல் ரோப்வே வருது. அதுக்குப் பக்கத்துல பெரிய கம்பெனி ஒண்ணு பார்க் போடுது. பேர் மட்டும் கேக்காதீங்க. வெளியே தெரிஞ்சா ரேட் ஏறிடும்!"

இதில் பாதி நிஜம். மத்திய அரசின் பர்வதமாலா திட்டத்தில் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டருக்கு ரோப்வே என்ற பேச்சு அடிபட்டது உண்மை. ரோட்டில் போனால் 60 கிலோமீட்டருக்கு மேல். பழனி முருகன் கோயிலில் 1966-லிருந்து விஞ்ச், 2004-லிருந்து ரோப் கார் ஓடுகிறது. ஆகவே கேட்பவருக்கு நம்பிக்கை வருவது சுலபம்.

அண்ணனுக்கும் வந்தது. மனைவியின் தாலிக்கொடி நீங்கலாக நகையெல்லாம் பாங்குக்குப் போனது. 50 ஆயிரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மீதி நாலரை லட்சத்தைக் கொடுத்து அக்ரிமென்ட் போடத்தான் இந்தப் பயணம். என்னைக் கூப்பிட்டது யோசனை கேட்க இல்லை, சாட்சிக் கையெழுத்துக்கு!

"நல்லா யோசிச்சீங்களாண்ணே?"

"தம்பி, மஞ்சும்மல் பாய்ஸ் ஒரு படம் 2024-ல வந்துச்சு. குணா குகைக்கு என்ன கூட்டம்! பார்க்கே இல்லாம இந்தக் கூட்டம்னா, பார்க் வந்தா?"

யோசிக்க வேண்டிய பாயின்ட்தான். 'டெவில்ஸ் கிச்சன்' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த அந்த இடம், 1991 தீபாவளிக்கு 'குணா' வந்த பிறகு கமல் ரசிகர்களின் புண்ணிய ஸ்தலமானது. அதே நாளில்தான் ரஜினியின் 'தளபதி'யும் ரிலீஸ். அந்தப் போட்டிக்கு நடுவே, எந்தக் கம்பெனியும் முதல் போடாமல் கொடைக்கானலுக்கு ஒரு தீம் கிடைத்தது.

ஒரு குடம் தண்ணீர்

பெருமாள்மலையில் பழனி ரோட்டில் திரும்பி, கொஞ்ச தூரத்தில் காரை நிறுத்தினோம். தரகர் பைக்கில் காத்திருந்தார். கூலிங்கிளாஸ். கையில் சுருட்டிய பிளான்.

இடம் அழகோ அழகு. காபிச் செடி, நடுநடுவே பட்டர் ஃப்ரூட் மரம், சரிவில் மலை வாழை. கீழே பனி விலகினால் பழனிச் சமவெளி. ஒரே ஒரு சங்கடம். நேராக நிற்க முடியவில்லை. மனை முழுக்கச் சரிவு. அண்ணன் கையிலிருந்து நழுவிய தண்ணீர் பாட்டில் காபிச் செடிகளுக்குள் உருண்டு போனது, போனதுதான்.

"இங்கதான் சார் ஸ்டேஷன். அங்க பார்க் என்ட்ரன்ஸ்..." என்று தரகர் காற்றில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் குடத்தோடு ஏறி வந்தார். நின்று மூச்சு வாங்கினார்.

"என்ன தம்பி, ரோப்வே இடமா?"

"ஆமாங்கய்யா. உங்களுக்கும் தெரியுமா?"

"எனக்குக் கல்யாணம் ஆன வருசத்துலருந்து தெரியும். இப்ப பேரன் காலேஜ் போறான்."

குடத்தை இறக்கி வைத்தார். "அதை விடுங்க. ஊத்து சித்திரையில காஞ்சு போயிரும். குடிக்க ஒரு குடம் எடுக்க இம்புட்டு தூரம் நடக்கிறேன். பார்க்குன்னா தண்ணியில ஆட்டம் போடுவாங்களாமே, அந்தத் தண்ணி எங்கிருந்து வரும்?"

தரகர் அவசரமாக செல்போனில் யாரையோ கூப்பிடப் போய்விட்டார். அண்ணன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகத்தில் முதல் தடவையாக வேர்வை. அந்தக் குளிரிலும்!

600 கோடிக் கணக்கு

பாறை மேல் அவரை உட்கார வைத்து, பிளான் பேப்பரின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன்.

"அண்ணே, சென்னை பார்க்குக்கு ஆன செலவு சுமார் 600 கோடின்னு நீங்கதானே சொன்னீங்க? பேச்சுக்கு, ஒன்பது பர்சென்ட் வட்டிக்கு ஒருத்தர் கடன் வாங்கிக் கட்டுறார்னு வைங்க. வருஷத்துக்கு வட்டி மட்டும் 54 கோடி. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 15 லட்சம். மழை பெஞ்சாலும் 15 லட்சம். பனி மூடி கோஸ்டரை நிறுத்தினாலும் 15 லட்சம்!"

"கூட்டம்தான் வருதே தம்பி?"

"அந்தக் கூட்டத்துக்கே கேட் போட்டாச்சே. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ். 2025 கோடையில கொடைக்கானலுக்கு நாளைக்கு 4 ஆயிரம் வண்டி, சனி ஞாயிறுக்கு 6 ஆயிரம்னு உச்சவரம்பே வெச்சாங்க. இருக்கிற ரோடு தாங்கலைன்னு கோர்ட்டு சொல்ற மலைக்கு எந்தக் கம்பெனி 600 கோடி கொண்டுட்டு வரும்?"

மேலும் சொன்னேன். இந்த மலையில் ஒரு கட்டடம் எழுப்ப 1993-ன் மாஸ்டர் பிளான் இருக்கிறது. 'ஹாகா' எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி இருக்கிறது. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வேறு அறிவித்தாயிற்று. 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். காட்டெருமைக்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பு, கம்பெனிக்குக் கிடையாது.

"நீங்க பார்த்த பார்க்கெல்லாம் யோசிங்கண்ணே. ஊட்டி கூட்டத்தை நம்புற பிளாக் தண்டர் எங்க இருக்கு? மேட்டுப்பாளையத்துல, அடிவாரத்துல. பம்பாய்ப் பக்கம் 2013-ல வந்த இமேஜிக்கா? கண்டாலா மலைக்கு மேல இல்லை, கீழே கோபோலியில. சமதரையில கட்டியே கடன்ல மூழ்கி, 2022-ல மல்பானி குரூப் கைக்குப் போச்சு. நாம காலேஜ் டயத்துல போன அதிசயம் பார்க்கும் மதுரை பரவையில, திண்டுக்கல் ரோட்டு மேல. மலை ஏறின பார்க் ஏதாச்சும் சொல்லுங்க?"

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். ஆண்டறிக்கை படித்த மனுஷன்; பதில் தெரியும்.

டிஸ்னியின் வாய்ப்பூட்டு

"ஆனா தம்பி..." கடைசியாக ஒரு அஸ்திரம் எடுத்தார். "டிஸ்னி ஃப்ளோரிடாவுல வந்தப்போ பக்கத்துல நிலம் வெச்சிருந்தவன் எல்லாம் கோடீஸ்வரன் ஆனானே?"

அந்தக் கதையை அவர்தான் எனக்கு ஆபீஸில் சொல்லியிருந்தார். அவர் கதையையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.

1960-களில் ஃப்ளோரிடாவில் யாரோ சதுப்பு நிலத்தை ஏக்கர் ஏக்கராக வாங்கிக்கொண்டே போனார்கள். வாங்கியது யார் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் பினாமிக் கம்பெனிகள். ஃபோர்டு கம்பெனி என்றார்கள். போயிங் என்றார்கள். ஹோவர்ட் ஹ்யூஸ் என்றார்கள். சராசரியாக ஏக்கர் 200 டாலருக்கும் குறைவு. 27 ஆயிரம் ஏக்கர் கைக்கு வந்த பிறகுதான், 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று 'இது டிஸ்னி வேலை' என்று போட்டு உடைத்தது. அடுத்த மாதம் டிஸ்னியே ஒப்புக்கொண்டார். நிலத்தின் விலை பல மடங்கு எகிறியது. பார்க் திறந்தது 1971-ல்.

"இதுல என்ன தெரியுதுண்ணே? வித்தவனுக்குக் கடைசி வரைக்கும் யார் வாங்குறான்னு தெரியாது. நிஜமா கம்பெனி வர்ற இடத்துல வதந்தி கடைசியிலதான் வரும். உங்களுக்கு வதந்திதான் முதல்ல வந்திருக்கு. ரேட் ஏறிடும்னு பயந்து பேரை மறைக்கிற வேலையை வாங்குற கம்பெனி செய்யும். விக்கிற தரகர் எதுக்குச் செய்யணும்? ஏறினா அவருக்குத்தானே லாபம்!"

அண்ணன் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். தரகர் ஓடி வந்தார்.

"சார், அக்ரிமென்ட்?"

"ரோப் கார்லயே வந்து போடுறேன்ப்பா" என்றார் அண்ணன்.

ஏரிக்கரை

வந்ததற்கு ஏரியையாவது பார்ப்போம் என்று மேலே போனோம். சுட்ட சோளத்தோடு கரையில் உட்கார்ந்தோம். இந்த ஏரியும் தானாக வந்தது இல்லை. 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கியது. கொடைக்கானலின் முதல் ரைடு என்று சொல்லலாம். 160 வருஷமாக ஓடுகிறது. ரிப்பேருக்கு சுவிட்சர்லாந்து ஆள் தேவைப்பட்டதில்லை.

அண்ணன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நகையை அடகு வைக்கிறப்ப அவ ஒரே கேள்விதான் கேட்டா தம்பி. 'பார்க் வந்தா நம்ம பிள்ளைங்களுக்கு ஃப்ரீயா'ன்னு. ஆமான்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சோளம் தொண்டையில் சிக்கியது. பைத்தியம் என்று நாங்கள் கிண்டல் செய்தோமே, அந்த ஆசையில் பாதி அவருடையதே இல்லை. சின்ன வயசில் டிக்கெட் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லாத ஒரு பையனுடையது. தரகர் விற்றது நிலத்தை இல்லை; அந்தப் பையன் ஏறாத ராட்டினத்தை.

திங்கட்கிழமை முதல் வேலையாக நகை மீட்கப்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குடும்பத்தோடு இள்ளலூர் போய் வந்தார். முழு டிக்கெட் எடுத்துத்தான்!

டோக்கன் கொடுத்த 50 ஆயிரம்? தரகருக்குப் போன் போட்டால் ஒரே பதில்தான்.

"வந்துரும் சார்... வந்துரும்!"

ரோப்வே மாதிரியே.