டார்ட்டில் கிளம்பின எண் கோட்லினில் எப்படி வந்து சேருது?

ஃப்ளட்டரில் ப்ராஜெக்ட் பண்றவங்க ஒரு கட்டத்தில் இந்த எல்லைக்கு வந்தே தீரணும். ஸ்க்ரீன் எல்லாம் டார்ட் மொழியில் எழுதியாச்சு. ஆனா அலாரம், ப்ளூடூத், பேட்டரி இதெல்லாம் போனோட சிஸ்டம் கையில் இருக்கு. அதைக் கேட்க ஆண்ட்ராய்டில் கோட்லின் வேணும், ஐபோனில் ஸ்விஃப்ட் வேணும். நடுவில் இருக்கிற பாலம்தான் மெத்தட் சானல். டார்ட் பக்கம் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா, அந்தப் பக்கம் அதுக்கான கோட் ஓடும். எழுதறது சுலபம். வழியில் டேட்டாவுக்கு என்ன நடக்குதுன்னு கவனிக்காம விட்டாத்தான் வம்பு.

தேர்வுக் கட்டணம் கட்டச் சொல்லி நினைவூட்டுற ஒரு ஆப் எழுதறீங்கன்னு வைங்க. இன்னும் எத்தனை மில்லிசெகண்ட் கழிச்சு மணி அடிக்கணும்னு டார்ட் கணக்குப் போட்டு கோட்லினுக்கு அனுப்புது. ஆண்ட்ராய்டின் அலாரம் மேனேஜர் நேரத்தை லாங் வகையில் கேட்கும். அதனால நீங்களும் வந்த எண்ணை லாங் என்றே வாங்குறீங்க. பத்து செகண்ட் வெச்சு டெஸ்ட் பண்ணினா, இன்டீஜரை லாங் ஆக்க முடியாதுன்னு எக்செப்ஷன் வருது. சரின்னு லாங்கை அழிச்சுட்டு இன்ட் போடறீங்க. வேலை செய்யுது! டெமோவிலும் கைதட்டு வாங்கியாச்சு. ஒரு மாசம் கழிச்சு வர்ற கடைசி தேதிக்கு ஒருத்தர் நினைவூட்டல் வைக்கிறார். அது அடிக்கவே இல்லை.

காரணம் இதுதான். எல்லையைத் தாண்டிப் போறது டார்ட்டின் எண் இல்லை, வெறும் பைட்டுகள். ஃப்ளட்டரின் கோடெக் ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னால் ஒரு பைட்டில் அதன் வகையை எழுதுது. எண் 32 பிட்டுக்குள் அடங்கினா வகை 3, பின்னாடி 4 பைட். அடங்கலைன்னா வகை 4, பின்னாடி 8 பைட். கோட்லின் பக்கம் முதலாவது இன்ட் ஆகவும் இரண்டாவது லாங் ஆகவும் பிரியும். டார்ட்டில் இரண்டுமே ஒரே இன்ட்தான். அதாவது வகையைத் தீர்மானிக்கிறது நீங்க எழுதின கோட் இல்லை, அன்னைக்கு வந்த எண்ணோட அளவு. 32 பிட்டின் உச்சம் 2147483647. மில்லிசெகண்டில் அது 24 நாள், 20 மணி நேரம், 31 நிமிஷம். 30 நாளுக்கு 2592000000 வேணும். டெமோவில் யார் 25 நாள் உட்கார்ந்து பார்ப்பாங்க?

இதில் ஆப் க்ராஷ் கூட ஆகாது. கோட்லினில் வந்த எக்செப்ஷனை சானலே பிடிச்சு, டார்ட்டுக்கு ஒரு பிளாட்ஃபார்ம் எக்செப்ஷனா திருப்பி அனுப்பிடும். அங்கே நீங்க அதைப் பிடிச்சு ஒரு மெசேஜ் காட்டலைன்னா, நினைவூட்டல் வெச்சாச்சுன்னு நம்பி அவர் நிம்மதியா இருப்பார்.

தீர்வு ஒரு வரி: இன்ட், லாங் ரெண்டுக்கும் தாய் வகையான நம்பர் என்று வாங்கி, பிறகு லாங் ஆக மாத்திக்குங்க. ஐபோனில் இந்தத் தொல்லை பெரும்பாலும் தெரியாது. அங்கே ரெண்டுமே என்எஸ்நம்பர் என்ற ஒரே உறைக்குள்ளே வரும். "ஐபோன்ல ஓடுதே"ன்னு நண்பன் சாதிச்சா நம்பிடாதீங்க.

எழுத்துகளில் வேற மாதிரி சிக்கல். சரம் யூடிஎஃப்-8 ஆகப் போறதால தமிழ் உடையாம வந்து சேரும். எண்ணிக்கைதான் மாறும். 'அம்மா'வின் நீளம் டார்ட்டிலும் கோட்லினிலும் 5, ஏன்னா புள்ளியும் காலும் தனித்தனியா எண்ணப்படுது. ஸ்விஃப்ட் நாம படிக்கிற மாதிரியே 3 என்று சொல்லும். சி மொழியில் பைட்டை எண்ணினா 15. டார்ட்டில் கணக்கிட்ட "5-வது இடம் வரை" என்பதை ஸ்விஃப்ட் சரத்தில் அப்படியே போட்டா, இல்லாத இடத்தைத் தொட்டு ஆப் விழும். இடத்தை அனுப்பாம, வேண்டிய சொல்லையே வெட்டி அனுப்பறது நல்லது.

சானல்கள் நாலைந்துக்கு மேல போச்சுன்னா கையால எழுதாதீங்க. ஃப்ளட்டர் குழுவே தர்ற பிஜன் என்ற கருவி இருக்கு. தூதுக்குப் புறாவைத் தவிர வேற என்ன பெயர் வைப்பாங்க! டார்ட்டில் ஒரு தடவை வகைகளை எழுதிக் கொடுத்தா, கோட்லினுக்கும் ஸ்விஃப்டுக்கும் கோடை அதுவே உருவாக்கும். டார்ட்டின் இன்ட்டுக்கு கோட்லினில் எப்பவும் லாங்தான் வைக்கும். பத்து செகண்டா இருந்தாலும் சரி, 30 நாளா இருந்தாலும் சரி.